அந்த ஆட்டம் டிராடா

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ தோற்ற செஸ் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை (நகர்த்தல்களை எழுதிய தாள்) அனுப்பியிருந்தாயே, அதன் ஓரத்தில் "சிப்பாய் குறைவு, தோற்றது நியாயம்தான்" என்று கிறுக்கியிருக்கிறாய். முதலில் அதை அடித்துவிடு. அந்த ஆட்டம் டிரா.

ஓப்பனிங் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, வாத்தியார் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார். ராஜா பக்கத்துச் சிப்பாய்கள் எல்லாம் வெட்டுப்பட்ட பிறகு நின்ற நிலையைப் பலகையில் வை. (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை.) வெள்ளைக்கு ராஜா எஃப்3, யானை ஏ8, சிப்பாய் ஏ6. உனக்கு ராஜா ஜி7, யானை ஏ1. ஆட வேண்டியது நீ. யானையை ஏ2க்கு நகர்த்தினாய், பிறகு ஏ1, மறுபடி ஏ2 என்று மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தாய். அதற்குள் உன் எதிராளியின் ராஜா பி7 வரை நடந்தே வந்துவிட்டது!

சிப்பாய்க்குப் பின்னால் யானை நிற்க வேண்டும் என்று படித்ததை விடாமல் பிடித்துக்கொண்டாய். பொதுவாக அது சரிதான். இங்கே சரிப்படாததற்குக் காரணம், ஏ7 கட்டம் காலி. நீ கீழேயிருந்து பி1இல் செக் வைத்தால் ராஜா ஏ7க்குப் போய் ஒளிந்துகொள்ளும், சொந்தச் சிப்பாயே அதற்குக் குடை. ஏ8 யானைக்கும் விடுதலை கிடைத்துவிடும். உன் ராஜாவோ எட்டாத தூரத்தில்.

எஃப்1இல் ஒரு செக் வைத்திருக்க வேண்டும். அவன் ராஜா எங்கே போனாலும் அடுத்து உன் யானை நேராக எஃப்6. இப்போது பக்கவாட்டிலிருந்து ஏ6 சிப்பாயைக் குறிவைக்கிறாய். அதைக் காக்கிற ஏ8 யானை அசைய முடியாது. ராஜாவே காக்க வந்து பி5இல் நின்றால் எஃப்5இல் செக், பி6 என்றால் எஃப்6இல், பி7 என்றால் எஃப்7இல். பக்கவாட்டுச் செக்குக்கு ஏ7 மறைவிடமே ஆகாது. ராஜா சிப்பாயை விட்டு விலகியதும் யானை பழையபடி எஃப்6. அவன் பொறுமையிழந்து ஏ7 தள்ளினால் உடனே உன் யானை ஏ6க்குப் போகட்டும். பின்னால் நிற்க வேண்டிய நேரம் அதுதான், ஏனென்றால் இனி ஒளிய இடமில்லை.

உன் ராஜா மட்டும் ஜி7, எச்7 இரண்டையும் விட்டு அசையக் கூடாது. சிப்பாய் ஏ7இல் இருக்கும்போது நீ எஃப்7இல் நின்றால், அவன் யானை எச்8க்குத் தாவும். நீ ஏ7ஐ வெட்டினால் எச்7 செக்கில் உன் யானை போச்சு. ஜி6க்கு ஏறினாலும் ஆபத்து: ஜி8இல் ஒரு செக், அடுத்து சிப்பாய் ராணி.

இந்தத் தற்காப்பு செஸ் புதிர்கள் அமைத்த வான்சுராவுடையது, 1924இல் அச்சில் வந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் டார்டகோவருக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் கபாபிளாங்கா ஆடிய யானை எண்ட்கேமையும் (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம்) எடுத்துப் பார். இரண்டு சிப்பாய்களை, அதுவும் செக்கோடு, விட்டுக்கொடுத்து ராஜாவை எஃப்6க்குக் கொண்டுபோய் ஜெயித்தார். எனக்குச் சலிக்கவே சலிக்காத ஆட்டம் அது. நீ சிப்பாயை எண்ணினாய். அவர் எந்தக் காய் வேலை செய்கிறது என்று பார்த்தார்.

இனி எண்ட்கேம் படிக்கப் போவதில்லை என்று வாத்தியாரிடம் சொன்னாயாமே. வேண்டாம்டா. நகர்த்தலுக்கு 30 விநாடி மட்டும் கிடைக்கிற கடைசி நேரத்தில், தெரியாத தற்காப்பைப் பலகையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அந்த எஃப்3 நிலையை வைத்து, கம்ப்யூட்டருக்கு வெள்ளையைக் கொடுத்து ஆடு. வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இல்லாமல் 50 நகர்த்தல் தாங்கினால் டிரா கேட்கலாம். சிப்பாய் அசைந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

ஸ்கோர் ஷீட்டில் கடிகார நேரத்தை நீ குறிக்கவேயில்லை. ஏ2 ஆடியபோது எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது? அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்