ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி பிறந்ததிலிருந்து பேரன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் என்பது உனக்குத் தெரியும். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று இருக்கும் அப்பாவின் பின்னாலேயே பிள்ளைகள் சுற்றுவார்கள். அப்புறம் அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும், அப்பாவும் கடலுக்குப் போய்விடுவார். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. "புது இடம், பழகிவிடும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்காக மட்டும் அழவில்லை.

அந்த நாட்களில் படக்கதைப் புத்தகம்தான் எனக்குத் துணை. தரையில் சுற்றி உட்காரவைத்து, படம் அவர்கள் பக்கம் தெரியும்படி விரித்துப் பிடிப்பேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் படிக்கத் தெரியுமே! நான் வரியை முடிப்பதற்குள் மூலையில் ஒளிந்திருக்கும் பூனையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த வருஷம் வந்த ஒரு பையனின் அப்பா கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அவனுக்காகக் கடல், அப்பா என்று நேராகக் கதை தேடவில்லை. மேயப் போன தாய் ஆடு இருட்டியும் திரும்பாத ஒரு குட்டியின் கதையை எடுத்தேன். குட்டி வாசலில் நிற்கும் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "டீச்சர், திருப்பாதீக." சரி என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தோம். வெகுநேரம் கழித்து, "அது சாப்பிட்டிருக்காது" என்றான். "அதோட அப்பத்தா கஞ்சி குடுத்திருக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த பிள்ளை. "குடுத்தாலும் குடிக்காது."

வீட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளியில் காலை உணவு போடும்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறான். அந்தப் புத்தகத்தையும் அடிக்கடி கேட்டு வாங்கி, அதே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொள்கிறான்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கும் வழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போனது. எனக்கு அது பிடிப்பதே இல்லை. பேச வாய் திறந்த பிள்ளையும் சரியான பதிலைத் தேடத் தொடங்கிவிடும். "படத்தில் என்ன தெரியுது?" என்பதற்கு மேல் நான் கேட்பதில்லை.

உன் பேரனுக்கும் தங்கச்சிப் பாப்பா கதையைக் கொண்டுபோய் நீட்டாதே. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுகொள்வான். யாரோ வீடு மாறுகிற கதை, கூட்டில் இடம் போதாத குருவியின் கதை, இப்படிச் சற்றுத் தள்ளி இருப்பதாகத் தேடு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலேயே நிறைய படக்கதைகள் இருக்கின்றன. காசில்லாமல் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். போனில் காட்டாதே, தாளில் அவனே பக்கம் திருப்பட்டும். பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து மடியில் வைத்துக்கொள்.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. ஒருமுறை அவனை அழைத்து வா, என் வகுப்பில் உட்காரட்டும். அதற்குமுன் எந்தப் பக்கத்தில் உன் கையைப் பிடித்தான் என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி