இலை வராத நாளுக்கும் கூலி: தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பீடித் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு,

தோழர்களே, வணக்கம்.

அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கு உட்காருவதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூட்டிக் கேட்பது என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். பீடியே சுற்ற முடியாத மாதத்தில் யாரிடம் என்ன கேட்பது என்பதையும் இந்த முறை மேசையில் வைக்கச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது, நள்ளிரவில் ஊரடங்கு. மறுநாள் வெட்டுவதற்காக நனைத்து ஈரத்துணியில் சுற்றிய இலை வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அதை வெட்டிச் சுற்றி முடித்தாலும், கம்பெனிக்காக இலை கொடுத்துப் பீடி வாங்கிக்கொள்ளும் பீடிக்கடை திறந்திருக்காது. கம்பெனியில் சூடு காட்டி வாட்டினால்தான் பீடி நிற்கும். வாட்டாமல் சொளவிலேயே (முறத்திலேயே) கிடந்தால் பூசணம் பூத்துவிடும். கடை திறந்த அன்று அது தரமில்லை என்று கழிவில் போகும். அதற்கான இலையும் புகையிலைத் தூளும் சுற்றியவர் கணக்கில்தான் ஏறும். ஏப்ரலில் திருநெல்வேலியின் மேலப்பாளையம் முழுவதையும் அடைத்தார்கள். ஏப்ரல் 15 வழிகாட்டுதலில் புகையிலைப் பொருள் விற்பனைக்கே தடை வந்தது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் பீடி இலை பறிக்கும் பருவமும் அதே ஏப்ரல், மே மாதங்கள்தான். தூளோ கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வர வேண்டும். முக்கூடல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் கூலி இத்தனை மாநிலச் சாலைகள் திறந்திருந்தால்தான் கைக்கு வரும்.

மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அடைப்பு நாட்களுக்கும் பிடித்தமில்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அதில் அர்த்தம் இருந்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்குப் பீடி பூஜ்யம் என்றால் கூலியும் பூஜ்யம். பிடிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? அந்த உத்தரவும் மே 17-ஆம் தேதியோடு போனது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. பீடி சுற்றுகிறவருக்கு எதிர்த்தரப்பு யார்? கம்பெனியைக் கேட்டால் கடைக்காரரைக் காட்டும், கடைக்காரரைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார்.

லே-ஆஃப் (வேலை தர முடியாமல் நிறுத்திவைப்பது) இழப்பீடாவது உண்டா என்றால், பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் பாதிச் சம்பளம் என்று இருந்தது உண்மைதான். ஆனால் ஐம்பது பேருக்குக் குறையாத ஆலை, சுரங்கம், தோட்டம் என்று அதற்கு எல்லை கட்டியிருந்தார்கள். திண்ணை அந்த எல்லைக்குள் வராது.

முதலாளி விட்ட இடத்தில் அரசு வந்தது. ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 வீதம் மூன்று மாதம், தலைக்கு 5 கிலோ தானியம். 2021-இல் மே, ஜூன் மாதங்களில் அட்டைக்கு 2000, 2000. இதைக் குறைத்துப் பேச மாட்டோம். பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் அந்தப் பணம் எந்தப் பெயரில் வந்தது என்று பாருங்கள். தொழிலாளி என்று ஒரு பைசாகூட வரவில்லை. அட்டைதாரர், கணக்குதாரர், பயனாளி என்றுதான் வந்தது. பீடிக்கடை வாசலில் கேட்க வேண்டியது ரேஷன் கடை வரிசைக்கு மாறியது. கம்பெனியின் கடன் அரசின் தயவாகிவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்க வருகிறவர் அந்தத் தயவைச் சொல்லிக் காட்டலாம். கம்பெனியை யாரும் எதுவும் கேட்பதில்லை. தொழிலாளர் அரசியலுக்கு இந்தப் பெருந்தொற்று செய்த பெரிய மாற்றம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

கொள்ளைநோய்க்குப் பிறகு கூலி தானாக ஏறும் என்று சில தோழர்கள் சரித்திரம் சொல்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிளேக்குக்குப் பிறகு வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. கூலியை அமுக்க 1351-இல் அவர்கள் சட்டமே போட வேண்டி வந்தது. 1896-97 பம்பாய் பிளேக்கில் ஆட்கள் ஊரைவிட்டு ஓட, மில் முதலாளிகள் தெருமுனையில் நின்று ஆள் பிடித்து அன்றன்றைக்கே கூலி கொடுத்தார்கள். 2020-இல் நடந்தது தலைகீழ். தாராவியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் இங்கே திரும்பினார்கள். வீட்டில் சாப்பிடும் வாய் கூடியது, பீடி சுற்றும் தட்டைப் பிடிக்கும் கையும் கூடியது. இலை மட்டும் கூடவில்லை. பேரம் பேசும் பலம் எப்படி ஏறும்?

1908-இல் தூத்துக்குடி அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் கூலி உயர்வையும் ஞாயிறு விடுமுறையையும் வாங்கித் தந்தது. அந்த மில்லுக்கு வாசல் என்று ஒன்று இருந்தது, அதை மறிக்க முடிந்தது. பீடிக்கு வாசல் கிடையாது. அதனால் நம்முடைய வாசல் ஏடுதான்: இலை, பீடி, கூலி ஏறும் பாஸ்புக், லாக் புக், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்கு.

அந்த ஏடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது 2020-இல் அம்பலமானது. பி.எஃப்.-இல் கொரோனா முன்பணம் என்று மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்றார்கள். மாதம் 3000 ரூபாய்க்குக் கணக்கு ஏறியிருந்தால் மூன்று மாதத்துக்கு 9000. இருப்பு 8000 என்றால் அதில் 75 சதவீதம் 6000. ஆக, கைக்கு வருவது 6000. அதுவும் சொந்தப் பணம்தான், நிவாரணம் இல்லை. ஒரே பாஸ்புக்கில் மாமியாரும் மருமகளும் மகளுமாக மூன்று பேர் சுற்றினால் மூன்று பேருக்கும் சேர்த்து அந்த 6000-தான். மற்ற இருவரும் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள்.

மனு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் பி.எஃப்., பிறகு கணவர் இனிஷியலில் ஆதார். ஒன்றில் ஆவுடையம்மாள், மற்றொன்றில் ஆவுடையம்மா. பிறந்த தேதிக்குப் பதில் ஆண்டு மட்டும். ஆதாரில் இணைத்த செல்போன் எண் பேரனுடையது, அவனோ சென்னையில்; ஓ.டி.பி. அவனுக்குப் போகிறது. வங்கியையும் விட்டுவிட முடியாது. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியனோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. பிறகு வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது, பி.எஃப். ஏட்டில் பழைய எண் அப்படியே கிடந்தது. இதில் பெயரையும் பிறந்த தேதியையும் திருத்த அப்போது தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் தேவைப்பட்டது. ஊரடங்கில் பூட்டிய அலுவலகத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்த வேலையை அமைதியான காலத்தில்தான் செய்து வைக்க முடியும்.

கடனையும் சொல்ல வேண்டும். குழுக்கடன் தவணைக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் அவகாசம் என்றது ரிசர்வ் வங்கி. அவகாசம் என்பது தள்ளுபடி இல்லை. 24 சதவீத வட்டியில் 30,000 ரூபாய் பாக்கி என்றால் அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் 3600 ஏறும். பின்னால் தள்ளுபடி ஆனது வட்டிக்கு வட்டி மட்டும்தான். வசூலுக்கு வருகிறவர் இதை விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. சங்கம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பீடித் தொழிலாளர் நலநிதியின் கதை வேறு. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று வந்துகொண்டிருந்த செஸ் என்ற தனி வரி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் போனது. உற்பத்தியோடு கட்டிய வருமானம் அறுந்து, நலத்திட்டம் பட்ஜெட்டைப் பார்த்து நின்ற நிலையில்தான் 2020 வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கூட்டம் கூடக்கூடாத காலத்தில், மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறையில். 1966-ஆம் ஆண்டு பீடிச் சட்டமும் அதில் கரைந்தது. எதிர்த்தாலும் எதுவும் நிற்காது என்று சொல்லாதீர்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவைச் சங்கங்கள் சேர்ந்து நின்றதால் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் இதைக் கேளுங்கள். அரசு உத்தரவால் கடை அடைத்தால், முந்தைய 12 மாதத்தில் ஏட்டில் ஏறிய கூலியின் நாள் சராசரியில் பாதியை அடைத்த ஒவ்வொரு நாளுக்கும் கம்பெனி தர வேண்டும். கடைக்காரர் வழியாக வேண்டாம், நேராக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அடைப்புக்கு முன் கொடுத்த இலையில் சுற்றிய பீடியைக் கழிவில் தள்ளக் கூடாது. சராசரி என்று கேட்கும்போதே ஒரு சிக்கல் வரும். ஏட்டில் குறைத்து ஏற்றியிருந்தால் சராசரியும் குறையும். அதனால் சுற்றுகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புக் என்பதை முதலில் வையுங்கள். கம்பெனி அதற்குத்தான் அதிகம் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் தலைக்குத் தலை 10 சதவீதம் பி.எஃப். பங்கு கட்ட வேண்டிவரும். நம் வீடுகளிலும் தயக்கம் இருக்கும், வாரக் கூலியில் இன்னொரு 10 சதவீதம் போகுமே என்று. அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி, செல்போன் எண், ஐ.எஃப்.எஸ்.சி. ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்குக் கால் மணி நேரம் ஆகும். வாரக் கூலி போடும் நாளில் பீடிக்கடைக்கு அருகே ஒரு மேசை போட்டால் போதும். எழுதுவதற்கு நாங்கள் வருகிறோம். நீங்கள் மேசையும் இரண்டு பெஞ்சும் ஏற்பாடு செய்யுங்கள்.

தோழமையுடன்,
தாமிரபரணிக் கரை ஊர்களில் பி.எஃப். மனு எழுதிக் கொடுக்கும் சிலர்