நேரந்தவறாமை ஜப்பானியரின் பிறவிக்குணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நேரத்தை மதிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரந்தவறாமை ஜப்பானியர் ரத்தத்திலேயே ஊறியது, நமக்கெல்லாம் அது வராது என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே விட மனம் வரவில்லை, ஏனென்றால் ஜப்பானின் வரலாறு சொல்வது வேறு.

1857ல் நாகசாகிக்குக் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த கட்டெண்டைக் என்ற டச்சு அதிகாரி, இங்கே எதுவும் சொன்ன நேரத்துக்கு நடப்பதில்லை, பழுது பார்க்கக் கேட்ட மரம்கூட நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று புலம்பி எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானியர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிமிடக் கணக்கு அன்றைக்கு அங்கே சாதாரண மக்களின் புழக்கத்தில் இல்லை. பகலை ஆறு பங்கு, இரவை ஆறு பங்கு என்று பிரித்து மணியடித்துச் சொல்வார்கள், கோடையில் பகல் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். (நம் ராகுகாலமும் அடிப்படையில் இதே மாதிரிதான். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டில் ஒரு பங்கு, காலண்டரில்தான் அது எப்போதும் ஒன்றரை மணி நேரம்.)

1872ல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் விட்டார்கள், 1873 பிறந்ததும் அரசு பழைய கணக்கைக் கைவிட்டது. அதற்காக ஜனங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1920ல், அதாவது ஏறக்குறைய 50 வருடம் கழித்தும், நேரத்தை மதியுங்கள் என்று பிரசாரம் செய்ய ஜூன் 10ஐ 'நேர தினம்' என்று ஒதுக்க வேண்டியிருந்தது. ஆக, ரயிலும் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் சேர்ந்து தலைமுறைக்கணக்கில் பழக்கிய பழக்கம் இது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு, அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. 2017ல் டோக்கியோ பக்கத்தில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டதை நாம் எல்லோரும் பகிர்ந்து பாராட்டினோம். சரி, பாராட்டலாம். ஆனால் 2005 ஏப்ரல் 25 அன்று ஒசாகா பக்கத்து அமகாசாகியில் நடந்த ரயில் விபத்து எத்தனை பேருக்குத் தெரியும்? 23 வயது ஓட்டுநர். முந்தைய நிலையத்தில் ரயிலை நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்தி, பின்னால் எடுத்து, ஒன்றரை நிமிடம் போலத் தாமதம் ஆகிவிட்டது. தாமதப்படுத்தும் ஓட்டுநர்களுக்கு அந்த ரயிலை நடத்திய ஜே.ஆர். வெஸ்ட் நிறுவனத்தில் 'மறுபயிற்சி' என்ற பெயரில் தண்டனை இருந்தது, நாள் முழுக்க உட்கார்ந்து தவறை எழுதித் தர வேண்டும், புல் பிடுங்க வேண்டும். இந்தப் பையன் அதை ஏற்கெனவே அனுபவித்தவர். 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116ல் போய், ரயில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தை ஈடுகட்டத்தான் அவர் அப்படிப் பறந்தாரா என்று இன்று அவரிடம் கேட்க முடியாது, ஆனால் அந்தத் தண்டனையைப் பற்றிய பயம் அவர் மனதில் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் கால அட்டவணையைத் தளர்த்தியது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்த நேரத்துக்குள் தாலி கட்டத் தெரிந்த ஜனங்களுக்கு நேரம் தெரியாது என்று சொல்வது அநியாயம். அடுத்த டவுன் பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரிவதில்லை, பெரும்பாலான நிறுத்தங்களில் ஒரு நேர அட்டவணைப் பலகைகூட இல்லை. அந்த ஆளை நேரத்துக்கு வரவில்லை என்று திட்டுகிறோம். அடுத்த கட்டுரையில் ஜனங்களின் குணத்தை விட்டுவிட்டு, பலகை ஏன் இல்லை என்று போக்குவரத்துத் துறையிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை