எடை வரம்பைத் திரும்பப் பெறுங்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் 10 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, நாயுடன் எவரும் மின்தூக்கியில் ஏறக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியுள்ள சுற்றறிக்கையைப் படித்துவிட்டே இதை எழுதுகிறேன். தரைத்தளத்தில் அசுத்தம் கிடந்ததும், இரவில் குரைப்பு ஓயாததும், வார் இல்லாமல் விடப்பட்ட நாயைக் கண்டு குழந்தைகள் அலறி ஓடியதும் உண்மை. புகார் கொடுத்தவர்கள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அவற்றில் எதற்கும் நாயின் எடை காரணமில்லை.

நான்காம் மாடியில் எங்களுடன் வாழும் நாய்க்கு வயது 11, எடை 28 கிலோ. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டதால் அதைப் படியேற்றி இறக்கவே கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். வயதான நாயால் சிறுநீரை நெடுநேரம் அடக்கவும் முடியாது. உங்கள் விதி நடைமுறைக்கு வந்தது முதல், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் என் தாயார், தம் முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறக்குகிறார். மின்தூக்கியோ அந்த நேரத்தில் பெரும்பாலும் காலியாக நிற்கிறது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் வாழ்நாளெல்லாம் பழகிய நாய், இப்போது அடக்க முடியாமல் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்கிறது. இதனால் இந்தக் குடியிருப்பில் யாருக்கு என்ன பாதுகாப்புக் கிடைத்தது என்பதைக் குழு தயவுசெய்து விளக்க வேண்டும்.

28 கிலோ நாயை 10 கிலோவாக்க எவராலும் இயலாது. ஆகவே இந்த எடை வரம்பு, வீட்டைவிட்டு அதை அனுப்பிவிடு என்ற உத்தரவாகவே எங்களுக்குப் பொருள்படுகிறது. வயதான, நோயுற்ற பெரிய நாயை ஏற்க முன்வருவோர் மிக அரிது என்பதைத் தாங்களும் அறிவீர்கள். 30 கிலோ நாய் நாளெல்லாம் உறங்கிக் கிடப்பதும், 3 கிலோ நாய் காலடி ஓசைக்கெல்லாம் குரைப்பதும் நாய் வளர்ப்போர் அன்றாடம் காண்பவை. இனத்தை வைத்துக்கூட ஒரு நாயின் குணத்தைக் கணிக்க முடியாது; 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே இனத்தால் வருவது என்று கண்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறருக்கு இடையூறு உண்டா என்று பாராமலே விலங்குகள் அனைத்தையும் தடுத்த ஓர் அடுக்ககத்தின் விதியை 2020இல் செல்லாது என்றது. இத்தாலியிலோ, வீட்டு விலங்கு வளர்ப்பதை அடுக்கக விதிகள் தடுக்கக் கூடாது என 2012ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

எந்தச் சிக்கல் வந்தாலும் அதை ஆராயாமல் ஒரு தடைப் பலகையை மாட்டிவிடுவது நம் குழுவுக்கு வழக்கமாகிவிட்டது. மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டீர்கள், பிள்ளைகள் பந்து விளையாடுவதை நிறுத்தினீர்கள். எதையும் பொதுக்குழுவில் வைத்துக் கேட்கவில்லை. அதைப் பிறகு பேசலாம்; நான் கேட்க வந்தது எடை வரம்பைப் பற்றி.

அந்த வரம்பைத் திரும்பப் பெறுங்கள். பொது இடத்தில் வார் கட்டாயம், அசுத்தத்தை உடனே அகற்றாவிட்டால் அபராதம், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, நாய்க்கு அஞ்சுபவர் மின்தூக்கியில் இருந்தால் நாயுடன் வருபவர் அடுத்த முறைக்குக் காத்திருத்தல் என்று விதி செய்யுங்கள். பெரிய நாய், சிறிய நாய் என்ற வேறுபாடின்றி நாங்கள் கட்டுப்படுகிறோம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறும், அதுவரை சுற்றறிக்கையை நிறுத்திவைக்குமாறும், வயதான, நோயுற்ற நாய்களை மின்தூக்கியில் அழைத்துச் செல்ல இன்றே அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்