வேலிப் பொட்டு

அன்புள்ள மச்சான்,

நாலு மாசமாய் உனக்கு ஒரு வரி எழுதேல்லை, மன்னிச்சுக்கொள். இஞ்சை எல்லாரும் சுகம். சின்னமாமிக்கு முழங்கால் நோ குறைவு, உன்னைக் கேட்டவ.

போன கிழமை குசினியிலை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒண்டு அழுகி, பழ ஈ மொய்ச்சு, புழுவும் வந்திட்டுது. மகள் ஒரு புழுவை எடுத்து நுணுக்குக்காட்டியிலை வைச்சாள். தோலுக்குள்ளாலை இரண்டு வெள்ளிக்கோடு தெரிஞ்சுது மச்சான், தலை தொடக்கம் வால் மட்டும்! காத்து நிறைஞ்ச வாதனாளி, பூச்சி மூச்சுவிடுற குழாய். ஏ.எல்.லிலை நீ கீறிக் கீறிக் கொப்பியை நாசமாக்கினியே, அதுதான்.

ஒரே குழாயாய் வளருறதெண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். இல்லையடா, பிறகு வாசிச்சுப் பாத்தன். முளையத்திலை பக்கத்துக்குப் பத்துப் பை, தனித்தனியாய் உள்ளுக்குப் புதையுது. ஒவ்வொண்டிலையும் கிட்டத்தட்ட 80 கலம். அதுக்குப் பிறகு கலம் பிரியாது, இருக்கிறதுகளே நகர்ந்து நீண்டு கிளை விடும். வழி காட்டுறது சுத்தியிருக்கிற கலங்கள் விடுற ஒரு புரதம். அது இல்லாட்டில் கிளையே வராது, அதாலை அந்த ஜீனுக்குப் பேர் 'பிராஞ்ச்லெஸ்', கிளையில்லாதது எண்டு அர்த்தம்.

இனித்தான் விசயம், தனித்தனிப் பையளின்ரை கிளையள் ஒண்டாய்ச் சேருறது. சேரவேண்டிய கிளையின்ரை நுனியிலை அதுக்கெண்டே ஒரு கலம் இருக்கு. பக்கத்துக் கிளையிலையிருந்தும் ஒண்டு வரும். இரண்டும் மெல்லிய விரல் மாதிரி நீட்டி, தடவித் தேடிப் பிடிக்கும். தொட்ட இடத்திலை ஈ-கட்ஹெரின் எண்ட புரதம் சேர்ந்து ஒட்டும். பிறகு துளை அந்தக் கலங்களின்ரை உடம்புக்குள்ளாலையே போகும்! இரண்டும் சாகிறதில்லை, உழுந்து வடை மாதிரி நடுவிலை ஓட்டையாய் நிண்டு காத்துக்கு வழி விடும். 'எஸ்கார்கோ' எண்ட ஜீன் பழுதானால் கிளையள் கிட்ட வந்தும் சேராது. முட்டையிட்டுக் கிட்டத்தட்ட ஒரு நாளுக்குள்ளை இவ்வளவும் முடிஞ்சு புழு வெளியிலை வந்திடும்.

வாசிச்ச இரவு நித்திரை வரேல்லை. எங்கடை இரண்டு வளவுக்கும் நடுவிலை வேலியிலை இருந்த ஓட்டை, அந்த வேலிப்பொட்டுத்தான் கண்ணுக்குள்ளை. கொம்மா கறிச்சட்டியோடை வந்ததும், பந்துக்கு நாங்கள் ஓடினதும் அதுக்குள்ளாலைதானே. கிடுகுவேலி போய் மதில் வந்து பதினைஞ்சு வருசம். உங்கடை பெரியம்மா இப்ப அங்கை தனிய. இரவிலை அவவுக்கு மூச்சு முட்டினால் நான் ஒழுங்கையாலை சுத்தித்தான் ஓடவேணும். இந்த மாசம் இரண்டு தரம் ஓடியிட்டன். இரண்டாந்தரம் போகேக்கை உதடு நீலம் பாரிச்சிருந்துது. நான் பயந்துபோனன் மச்சான்.

மதிலிலை ஒரு சின்னக் கதவு வைக்கவேணும். மேசன் வாற வெள்ளி வாறன் எண்டிருக்கிறார். மதில் உன்ரை, அதாலை உன்ரை சொல் வேணும். கிணத்தடியிலையோ, முருங்கையடியிலையோ? அவவின்ரை அறைக்குக் கிட்ட முருங்கையடிதான். வியாழனுக்கு முதல் வாட்ஸ்அப்பிலையாவது சொல்லு.

உன்ரை
மச்சான்