இருப்பில் இருப்பது யாருடைய பணம்? நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஆணையாளர் அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் வந்துவிட்டது. நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடும் 2026-27க்கான வரவு செலவுத் திட்டமும் ஒரே கட்டாக உங்கள் மேசைக்கு வரப்போகின்றன. வழக்கமாக என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். கணக்குத் தலைப்புகளை ஒருவர் மூச்சு விடாமல் வாசிப்பார். இரண்டு மூன்று உறுப்பினர்கள் தங்கள் வார்டுச் சாக்கடை, எரியாத தெருவிளக்கு பற்றிப் பேசுவார்கள். 'ஆல் பாஸ்' என்று ஒரு குரல் கேட்கும், அப்புறம் டீ வரும். மறுநாள் பத்திரிகையில் 'நகராட்சியில் உபரி பட்ஜெட்' என்று ஒரு பெட்டிச் செய்தி. அந்த உபரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பேருந்து நிலையம் அருகே உள்ள நகராட்சி வணிக வளாகத்தில் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தில் கடையை எடுத்தபோது ஓராண்டு வாடகையை வைப்புத்தொகையாகக் கட்டினேன். கடையைக் காலி செய்யும் நாளில் அதை எனக்குத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஆண்டு இறுதியில் நீங்கள் காட்டும் 'இறுதி இருப்பு' தொகைக்குள் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஒரு தாளை இதுவரை பொதுமக்கள் பார்வைக்கு யாரும் வைத்ததில்லை. கவுண்டரில் கேட்டேன். "கணக்குல இருக்குங்க" என்றார்கள். இருக்கும், நான் மறுக்கவில்லை. எந்தக் கணக்கில், யார் பெயரில், எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

என் வைப்புத்தொகை சின்ன விஷயம். பெரிய தொகைகளைப் பார்ப்போம். ஒப்பந்ததாரர்களின் முன்வைப்புத் தொகையும், பில்லில் பிடித்து வைத்த காப்புத்தொகையும் இருக்கின்றன. பாதாளச் சாக்கடை இணைப்புக்காக வீட்டுக்காரர்களிடம் வாங்கிய வைப்புத்தொகை இருக்கிறது. சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி அது வரியோடு சேர்த்து வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம். நகராட்சி அதற்கு இடைத்தரகர் மட்டுமே. தூய்மைப் பணியாளர்களின் ஊதியத்தில் பிடித்து இன்னும் செலுத்தாத பி.எஃப். ஏதாவது இருந்தால் அதுவும் இப்படித்தான். குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் தர வேண்டிய நிலுவையை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டுப் பிடிக்கிறவர் பீரோவில் லட்ச லட்சமாகப் பணம் இருக்கிறது என்பதற்காக அவரைப் பணக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. ஏலம் எடுத்தவர் எப்போது வந்து நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். நகராட்சியின் இறுதி இருப்பும் அதே கதைதான். வங்கியில் பத்துக் கோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்னவற்றையெல்லாம் கழித்தால் நம் பணம் ஒரு கோடியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மைனஸில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல் மானியம். மத்திய அரசு அமைத்த பதினைந்தாவது நிதிக்குழு நம்மைப் போன்ற நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனையுடன் வருவது. பாதி துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும், மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு போன்றவற்றுக்கும். மீதி 40 சதவீதத்தை நம் விருப்பப்படி செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது. அந்தக் குழுவின் காலம் இந்த மார்ச் 31-ஓடு முடிகிறது. ஆகவே இதுவரை வந்ததில் எவ்வளவு செலவாகாமல் கிடக்கிறது, எந்தப் பணிக்கென்று கிடக்கிறது என்பது இந்த ஆண்டு கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. குப்பைக் கிடங்கைச் சீரமைக்க வந்த பணத்தை உபரி என்று காட்டிக் கைதட்டு வாங்குவது சரியில்லை. அது வேலை நடக்கவில்லை என்பதற்கான சாட்சி.

நம்முடைய கணக்கு மூன்று நிதிகளாக நடக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. ஒன்றில் தட்டுப்பாடு வந்தால் இன்னொன்றிலிருந்து கைமாற்றாக எடுப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். எடுத்ததைத் திருப்பி வைத்தார்களா என்று யாரும் கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை. கல்வி நிதி ஏட்டில் கொழுத்துக் கிடக்கும்போது நகராட்சிப் பள்ளியின் கழிப்பறைக் கதவு ஏன் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த வார்டு உறுப்பினராவது கேட்க வேண்டாமா?

நான் யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்காத கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டிக்ஸன் என்று ஒரு சிறிய நகரம். முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர். மக்கள்தொகை சுமார் 16,000. நம் ஊர்களோடு ஒப்பிட்டால் ஒரு பேரூராட்சி அளவுதான். 1983 முதல் அந்த நகரத்தின் நிதிக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர் ரீட்டா கிரண்ட்வெல். 1990-இல் அவர் நகரத்தின் பெயரில் ரகசியமாக ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். அந்தக் கணக்குக்கு அவர் வைத்த பெயர்தான் இங்கே முக்கியம். சாக்கடை வசதிக்கான ரிசர்வ் கணக்கு என்று எண்ணும்படி ஒரு பெயர்! பெயரைப் பார்த்தவர்கள் ஊருக்காகச் சேர்த்து வைக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள். 22 ஆண்டுகளில் அந்த வழியாக 5 கோடியே 37 லட்சம் டாலர் அவர் கைக்குப் போனது. அந்தப் பணத்தில் கண்காட்சிகளில் வெல்லும் உயர்சாதிக் குதிரைகளை நூற்றுக்கணக்கில் வளர்த்தார்.

ஆண்டுதோறும் அங்கே தணிக்கை நடந்தது. மன்றமும் கூடிக்கொண்டுதான் இருந்தது. பணம் ஏன் பற்றவில்லை என்று கேட்டால், மாநில அரசு தர வேண்டியது தாமதமாகிறது என்று அவர் பதில் சொல்வார், அனைவரும் தலையாட்டுவார்கள். (இந்தப் பதிலை நாமும் எங்கோ கேட்டது போல் இல்லை?) 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, பொறுப்பைப் பார்த்துக்கொண்ட எழுத்தர் வங்கியிடம் நகரத்தின் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மெண்டையும் கேட்டு வாங்கினார். தெரியாத கணக்கு ஒன்று அதில் இருந்தது. அவ்வளவுதான். 2012-இல் கைது, 2013-இல் 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை. பெரிய நிபுணர் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 'எல்லா ஸ்டேட்மெண்டையும் கொடுங்கள்' என்று ஒருவர் கேட்டார், வெளியே வந்துவிட்டது.

நம் நகராட்சிக்கு எத்தனை வங்கிகளில் எத்தனை கணக்குகள் இருக்கின்றன? உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இதற்கு விடை தெரியும்?

சரி, சேமிப்பு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். "ரோடு போடவே பணம் இல்லை, இதில் ரிசர்வ் வேறயா" என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதுவும் நம்மைப் போல ஒரு நகராட்சிதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர் ஏற்ற முடிந்தது. அப்படி ஒரு காலையில் டீசலுக்கும், ஜேசிபி வாடகைக்கும், பிளீச்சிங் பவுடருக்கும், வெளியூரிலிருந்து வரும் பணியாளர்களின் சாப்பாட்டுக்கும் உடனே பணம் வேண்டும். நிவாரண நிதி வரும், மறுக்கவில்லை. அது கோப்பு வழியாக வரும். தண்ணீர் வாசல் வழியாக வந்துவிடும்.

புயல் கூட வேண்டாம். மே மாதத்தில் தலைமை நீரேற்று நிலையத்தின் மோட்டார் எரிந்துபோனால், காயில் கட்டக் கடன் சொல்லி, ஒப்பந்ததாரரிடம் கெஞ்சி, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற ஊர் நம்முடையது. உபரி இருந்த ஊரில் ஏன் கெஞ்சினார்கள்?

எவ்வளவு ஒதுக்கலாம் என்றால், அமெரிக்க அரசு நிதி அலுவலர்கள் சங்கம் இரண்டு மாத இயக்கச் செலவுக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும் என்கிறது. நமக்கு அது இப்போதைக்கு எட்டாத உயரம். ஒரு மாதச் சம்பளம், ஒரு மாத மின் கட்டணம், பம்பும் டீசலும் என்ற அளவில் தொடங்கினாலே நான் மகிழ்வேன். அதற்குப் பணம் எங்கே? பழைய நிலுவை வசூல், ஏலத்தில் எதிர்பாராமல் வந்த கூடுதல் தொகை போன்ற ஒரு தடவை வரும் வரவுகளைத் தினசரிச் செலவில் கரைக்காதீர்கள். அவற்றில் ஒரு பங்கை நேரே அந்தக் கணக்கில் போடுங்கள். 2022-இல் சொத்து வரியை வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் அபராதம் வேறு. எங்களிடம் இவ்வளவு கறாராக இருக்கிற நிர்வாகம் தன்னிடமும் கொஞ்சம் கறாராக இருக்கலாம்.

இருப்பைக் காட்டினால் அடுத்த மானியத்தில் கைவைப்பார்கள் என்ற பயம் அலுவலகங்களில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதனால்தான் மார்ச்சில் நன்றாக இருக்கிற தார்ச்சாலை மேல் இன்னொரு தார்ச்சாலை விழுகிறது போலும். இது சட்டமன்றத் தேர்தல் ஆண்டும் கூட, கேட்க வேண்டாம். பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். பணம் எதற்காக, எந்த நிலையில் எடுக்கப்படும் என்று தீர்மானமாக எழுதி வைத்தால், 'சும்மா கிடக்கிற பணம்' என்று அதை யாரும் சொல்ல முடியாது. எழுதாமல் வைத்தால்தான் அது சும்மா கிடக்கிற பணம்.

எழுதி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை இந்த ஊருக்கு மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். உங்கள் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதாவது இது நீங்கள் நிறைவேற்றி, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நீங்களே நடத்தப்போகும் கடைசி பட்ஜெட். அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் வருமா என்பது உங்கள் கையில் இல்லை. மினிட் புத்தகத்தில் என்ன இருக்கும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பட்ஜெட் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் ஒன்றை எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுங்கள், அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். எல்லா வங்கிக் கணக்குகளின் இருப்பும், அதில் வைப்புத்தொகை எவ்வளவு, செலவாகாத மானியம் எவ்வளவு, பிறருக்குச் செலுத்த வேண்டியது எவ்வளவு, கழித்தபின் நகராட்சியின் சொந்தப் பணம் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். நிதிகளுக்கிடையே நடந்த கைமாற்று பாக்கியையும் அடியில் போடுங்கள். கட்சி வேறுபாடு பார்க்காமல் இரண்டு உறுப்பினர்கள், ஆளுங்கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர், வங்கி ஸ்டேட்மெண்டுகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும். அவசரகால இருப்பு நிதிக்குத் தனித் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2022 நவம்பரில் ஆரவாரமாகத் தொடங்கிய, வார்டு மக்கள் கலந்துகொள்ளும் பகுதி சபைக் கூட்டங்களை மறுபடி கூட்டி, அந்தத் தாளை அங்கே வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்க நாங்கள் வருகிறோம்.

இதன் பிரதியை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறேன். கூட்டத்துக்கு முன் தாள் வராவிட்டால், இதே விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தலைப்பு வாரியாகக் கேட்டு மனுப் போடுவேன். வளாகத்தின் மற்ற கடைக்காரர்களும் தங்கள் வைப்புத்தொகை பற்றித் தனித்தனியே மனுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நகராட்சி வணிக வளாகக் கடை வாடகைதாரர், சொத்து வரி செலுத்துபவர்