அகிலாவுக்கு: பன்னிரண்டு அங்குல நட்சத்திரத்தைச் சின்னதாக்குவது பற்றி

அன்புள்ள அகிலா,

உன் மெயில் கிடைத்தது. குழந்தைக் குவில்ட்டுக்கு, அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வைக்கு, ஓஹையோ ஸ்டார் என்ற நட்சத்திர பிளாக் நல்ல தேர்வு. (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம்தான் பிளாக். பல பிளாக் சேர்ந்தால் குவில்ட்.) "பேட்டர்ன் 12 அங்குலம், எனக்கு 8 அங்குல பிளாக் வேண்டும், அதனால் எல்லா அளவையும் மூன்றில் இரண்டு பங்காக்கி வெட்டப் போகிறேன், சரிதானே அக்கா?" என்று கேட்டிருந்தாய். சரியில்லை. கட்டரைக் கீழே வை. குவில்ட் பழகுகிற பலரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்பதால், பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

நீ சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஓஹையோ ஸ்டார் என்பது மூன்றுக்கு மூன்று கட்டம். நான்கு மூலையும் நடுவும் முழுச் சதுரங்கள். மீதி நான்கும் நட்சத்திர முனைக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு முக்கோணம். 12 அங்குல பிளாக்கில் ஒவ்வொரு கட்டமும் தைத்து முடித்தபின் 4 அங்குலம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடுவதால், பேட்டர்ன் தாளில் 4½ என்று இருக்கும். அதை மூன்றில் இரண்டாக்கினால் 3. தைத்தால் 2½. அப்படி மூன்று சேர்ந்தால் 7½ தான், 8 இல்லை. இதோடு போனால்கூடப் பரவாயில்லை. நட்சத்திர முனைகளுக்கு 5¼ அங்குலச் சதுரத்தைக் குறுக்கே இரண்டு முறை வெட்டி நான்கு முக்கோணமாக்கச் சொல்லியிருப்பார்கள். அதை 3½ ஆக்கினால், தைத்த பிறகு அந்தக் கட்டம் 2¼ வரும். மூலைக் கட்டம் 2½, பக்கத்தில் இருக்கிற முனைக் கட்டம் 2¼. ஒரே வரிசையில் இரண்டையும் எப்படிச் சேர்ப்பாய்? இழுத்துப் பிடித்துத் தைத்தாலும் முனை மழுங்கித்தான் போகும்.

பிளாக் சுருங்கினாலும் தையல் சுருங்காது என்பதுதான் விஷயம். உன் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற கால் அங்குல ஃபுட்டுக்கு எது பெரிய பிளாக், எது சின்னது என்று தெரியாது. 32 சைஸ் ஜாக்கெட்டை 40 ஆக்கும்போது டெய்லர் தையலுக்கு விடும் துணியையுமா பெருக்குகிறார்?

அதனால் வெட்டும் அளவை அப்படியே பெருக்காதே. தையலுக்கு விட்டதை முதலில் கழித்துவிடு. மிஞ்சுகிற அளவை மட்டும் சுருக்கு, அல்லது பெரிதாக்கு. பிறகு தையலுக்கு உண்டானதை மறுபடி கூட்டு. சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் ½ கூட்ட வேண்டும். ஒரு முறை குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம் எடுக்கிற சதுரத்துக்கு 7/8. இரண்டு முறை வெட்டி நான்கு எடுப்பதற்கு 1¼. சாய்ந்த பக்கத்திலும் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால்தான் இப்படி வினோதமான எண்கள் வருகின்றன. உண்மையான கணக்கு 0.854, 1.207 என்று வரும். ஸ்கேலில் இருக்கிற கோட்டுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிளாக் 3 அங்குலமானாலும் 30 அங்குலமானாலும் இந்த மூன்று எண்களும் மாறாது. நான் 7/8 என்று அளந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஒரு முழு அங்குலம் கூட்டி வெட்டி, தைத்த பிறகு அளவுக்குச் சீவிவிடுவேன். கொஞ்சம் துணி வீணாகும், போகட்டும்.

அடுத்து, இந்த 8 அங்குல ஆசை. எட்டை மூன்றால் வகுத்தால் 2⅔. நம் ஸ்கேலில் அரைக்கால் (⅛) அங்குலம் வரைக்கும் கோடு இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கோடு ஏது? 9 என்று வைத்துக்கொள், கட்டம் 3 அங்குலம். சதுரங்களை 3½ க்கும், முனைச் சதுரங்களை 4¼ க்கும் வெட்டலாம். 7½ வேண்டுமென்றால் முறையே 3, 3¾. நீ குறைத்து வெட்ட இருந்த 3 அங்குலச் சதுரம் இந்த 7½ க்குத்தான் பொருந்தும், ஆனால் முனைக்கு நீ போட்ட 3½ இதற்கும் போதாது.

எந்தப் பேட்டர்னை எடுத்தாலும் முதலில் கட்டத்தை எண்ணிப் பார். பெயரை நம்பாதே. சர்ன் டாஷ் என்று ஒருவர் சொல்கிற பிளாக்கை இன்னொருவர் மங்கி ரெஞ்ச் என்பார். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை இந்த மாதிரிப் பேட்டர்ன்களை வெளியிட்டது. அவற்றிலும் பழைய பிளாக்குகள் புதுப் பெயரோடு வருவதுண்டு. கட்டம் மட்டும் பொய் சொல்லாது. சாடூத் ஸ்டார் நாலுக்கு நாலு, அதற்கு உன் 8 அங்குலம் அருமையாகப் பொருந்தும். பேர்ஸ் பா ஏழுக்கு ஏழு. அதை 7, 10½, 14 என்று தைத்தால் நிம்மதி. 12 இல் தைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டமும் 1.71 என்று வந்து உயிரை எடுக்கும்.

இல்லை, 8 தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 6 அங்குலத்தில் நட்சத்திரத்தைத் தைத்து (சதுரம் 2½, முனைச் சதுரம் 3¼) சுற்றிலும் ஓர் அங்குலச் சட்டம் போட்டுவிடு. சட்டத்துக்கான பட்டையை 1½ அகலம் வெட்ட வேண்டும். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஆனால் 6 அங்குலம் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். நடுச் சதுரத்தில் அப்போது 2 அங்குலம்தான் வெளியே தெரியும். நீ படம் அனுப்பிய அந்த யானைத் துணியில் ஒரு யானையே 3 அங்குலம் இருக்கும் போல. தும்பிக்கை ஒரு பிளாக்கில், வால் இன்னொன்றில் என்றாகிவிடும். அப்புறம், பிளாக் சின்னதாக ஆக வேலையும் கூடும். ஓஹையோ ஸ்டாரில் ஒரு பிளாக்குக்கு 21 துண்டு. 12 அங்குலமென்றால் 36க்கு 48 குவில்ட்டுக்கு 12 பிளாக், 252 துண்டு. 9 அங்குலத்தில் 36க்கு 45 அளவுக்கே 20 பிளாக், 420 துண்டு. துணியும் நினைக்கிற அளவு மிச்சமாகாது. 1½ அங்குலத்தில் வெட்டிய சதுரத்தில் பாதிக்கு மேல் தையலுக்குள்ளேயே போய்விடும். ஜேன் ஸ்டிக்கில் என்ற பெண்மணி 1863 இல் தைத்து முடித்த குவில்ட் அமெரிக்காவில் வெர்மாண்டின் பென்னிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. 4½ அங்குல பிளாக்குகள், மொத்தம் 5,602 துண்டுகள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். மூலையில் அதையும் தைத்தே எழுதி வைத்திருக்கிறார். வாராவாரம் வாஷிங் மெஷினில் போடுகிற குழந்தைக் குவில்ட்டுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

திசைகாட்டி போலக் கூர்முனைகள் உள்ள மரினர்ஸ் காம்பஸ் பேட்டர்னை ஜெராக்ஸ் எடுத்துச் சுருக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். காகிதத்தின் மேல் தைக்கிற பேட்டர்னுக்குத் தாராளமாகச் செய்யலாம். வேண்டிய அளவை இருக்கிற அளவால் வகுத்து நூறால் பெருக்கு. 12 ஐ 9 ஆக்க 75 சதவீதம். ஆனால் தையலுக்கு விட்டு வெட்டுகிற வெளிக்கோடும் சேர்ந்து சுருங்கி, கால் அங்குலம் 3/16 ஆகியிருக்கும். அதை அடித்துவிட்டு, உள்கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் புதுக்கோடு போட்டுக்கொள்.

9 அங்குலம் என்று முடிவு செய்தால் ஒரே ஒரு பிளாக்கை மட்டும் முதலில் தைத்து, அயர்ன் பண்ணி, அளந்து பார். ஓரத் தையல் இன்னும் பாக்கி இருப்பதால் 9½ வர வேண்டும். 9¼ வந்தால் உன் மெஷின் கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கிறது. ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்து. ஊசி இறங்குகிற இடத்தில் ஒற்றைத் துளைத் தகடு மாட்டியிருந்தால் மட்டும் நகர்த்தாதே, ஊசி உடைந்துவிடும்.

அன்புடன்,
அக்கா